எங்கள் வீட்டு நாற்றம்

2022 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டு ஓனர் அம்மா மாடிப்படி ஏறி வந்தார். உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன டீச்சர், ரெண்டு நாளா ஒரு மாதிரி தோல் வாசனை அடிக்குதே? ஊர்லருந்து ஏதாவது கொண்டு வந்து வச்சிருக்கீங்களா?"

நான் ஆம்பூர்க்காரி என்பது அவருக்குத் தெரியும். என் அம்மா தோல்ஷாப்பில் வேலை செய்தவர் என்பது தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2018இல் வேலூரில் வீடு தேடி அலைந்தபோது பதினோரு வீடுகள் பார்த்தேன். "சொந்த ஊரு எது?", "வீட்ல கறி சமைப்பீங்களா?", "அப்பா என்ன பண்றாரு?" இந்த மூன்று கேள்விகளுக்குள் நம் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பன்னிரண்டாவது வீட்டில் நான் முந்திக்கொண்டேன். "அப்பா இல்லீங்க. லெதர் கம்பெனில சூப்பர்வைசரா இருந்தாரு" என்றேன். பொய். என் நைனா சுண்ணாம்புக் குழியில் நின்று தோல் புரட்டியவர். கால் நகங்கள் எல்லாம் வெந்து போனவர். ஒரு வாடகை வீட்டுக்காக செத்துப்போன நைனாவுக்கு நான் பதவி உயர்வு கொடுத்தேன்.

நாற்றம் அடித்தது உண்மை. அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த அம்மா போன பிறகு நான் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

நான் என் அம்மாவைச் சந்தேகப்பட்டேன்.

அம்மாவிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் நைனாவின் வேட்டி ஒன்று, ரேஷன் கார்டு பழசு, அவர் கடைசியாகப் போட்டிருந்த செருப்பு ஒரு ஜோடி. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் அவரே தைத்துக்கொண்டது. அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் இருந்து இழுத்தேன். "யம்மா, இதை மொட்டை மாடியில வைக்கலாமா? கொஞ்ச நாளைக்கு" என்றேன். அம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து செருப்பை எடுத்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். அப்புறம் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு மே. இதுல இன்னா நாத்தம் கீது?"

ஒன்றும் இல்லை. காய்ந்த பட்டை வாசனைதான் லேசாக.

"தோல் நாத்தம் எனக்குத் தெரியாதா? இருவத்தாறு வருசம் மோந்துக்கினு கெடந்தவ நானு. இது தோல் இல்ல. இது பூசணம்."

அம்மாவுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் அந்த மூக்குக்கு ஒரு படிப்பு உண்டு. உப்பு போட்டு வந்த பச்சைத் தோலின் நாற்றம் வேறு. மயிர் உதிர்க்கிற சுண்ணாம்பும் சல்பைடும் சேர்ந்த குழியின் நாற்றம் வேறு, அது அழுகின முட்டை. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்ட பழைய முறைத் தோலின் வாசனை வேறு. டிரம்மில் குரோம் ஏற்றி நீலமாக வெளியே வருகிற 'வெட் புளூ'வுக்கு ஒரு உலோக நெடி. பெயின்ட் அடிக்கிற இடத்தில் தலை சுற்றுகிற வாசனை. இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வெளியில் இருப்பவர்களுக்கு இது எல்லாமே ஒரே பெயர்தான்: தோல் நாத்தம். ஆம்பூரில் இருந்து ரயிலில் ஏறுகிறவன் மேல் அடிக்கும் என்று அவர்கள் நம்புகிற நாற்றம். அது மூக்கில் இருப்பதில்லை, மனசில் இருக்கிறது.

பூசணம் என்பது தோல் தொழிலின் பெரிய எதிரி. இது பலருக்குத் தெரியாது. குரோம் ஏற்றிய தோலை ஈரத்தோடு அடுக்கிவைத்தால் மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே பச்சையும் கருப்புமாகப் புள்ளி விழும். கழுவினாலும் கறை போகாது. தரம் இறங்கும், விலை இறங்கும். பட்டைத் தோலுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அம்மா கடைசி எட்டு வருடம் பார்த்த வேலையே அதுதான். கப்பலுக்குப் போக வேண்டிய தோல்களில் பூத்திருந்த பூசணத்தைத் துணியால் துடைத்து, வெயிலில் போட்டு, மறுபடி அடுக்குவது. முகத்துக்கு ஒன்றும் கிடையாது. முந்தானைதான். சாயந்திரம் இருமினால் சளியில் தூசு வரும்.

பூசணம் வராமல் இருக்க அந்தக் காலத்தில் தோலுக்கு ஒரு மருந்து போட்டார்கள். பென்டாகுளோரோஃபீனால். தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும் விஷம். 1989இல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டோம் என்றது. உடனே இங்கே ஏற்றுமதியாளர்கள் பதறினார்கள். சோதனைக் கருவிகள் வந்தன, வேறு மருந்துகள் வந்தன. நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. முனிச்சில் ஒருத்தன் காலில் செருப்பாகப் போய்ச் சேர்கிற அந்தத் துளி விஷம் ஆபத்து என்றால், அதே மருந்துத் தொட்டியில் கையை முழங்கை வரை விட்டுத் தோலை எடுத்தவர்களுக்கு அது என்ன? அவர்கள் கைகளை எந்தச் சோதனைச் சாலையிலும் யாரும் வைத்துப் பார்க்கவில்லை.

அதே கதை பிறகும் நடந்தது. சீனாவில் செய்து அய்ரோப்பாவுக்குப் போன சோபாக்களில் பூசணம் வராமல் இருக்கச் சின்னச் சின்னப் பொட்டலமாக ஒரு பொடியைத் தைத்து வைத்தார்கள். டைமெத்தில் ஃப்யூமரேட். உட்காருகிறவர் உடம்புச் சூட்டில் அது ஆவியாகித் துணி வழியாக மேலே வரும். இங்கிலாந்து, பிரான்ஸ், பின்லாந்து என்று பல நாடுகளில் ஜனங்களுக்குத் தோல் வெந்து போனது. 2009இல் அய்ரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு இங்கிலாந்தில் நஷ்டஈடும் கிடைத்தது. பொட்டலம் தைத்த பெண்களைப் பற்றி ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

அம்மா எழுந்து வீடு பூரா மோந்துகொண்டே நடந்தார். அடுப்படி, குளியலறை, பீரோ. கடைசியில் படுக்கையறையில் ஏ.சி.க்குக் கீழே நின்றார். "போடு மே" என்றார். போட்டேன். முதல் காற்று வந்தவுடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதான். மழைக்காலத்து கோடவுன் மாதிரி கீது."

அந்த ஏ.சி. 2021 ஏப்ரலில் வாங்கியது. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். அம்மாவுக்குச் சர்க்கரை, மூச்சுத் திணறல். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீட்டில் மத்தியான நேரத்தில் அவர் தரையில் ஈரத் துணியைப் போட்டுப் படுத்துக் கிடப்பதைப் பார்த்துக் கடன் போட்டு வாங்கினேன். எங்கள் வம்சத்தில் முதல் ஏ.சி. பக்கத்து வீட்டு டீச்சரே கேட்டார், "உங்களுக்கெல்லாம் வெயில் பழக்கம்தானே?" என்று.

அந்த வருடக் கோடையிலேயே கொரோனா இரண்டாவது அலை. கூடவே கருப்புப் பூஞ்சை. வெங்காயத்தின் தோலில் இருக்கிற கருப்பே அந்த நோய் என்று போனில் போனில் பரப்பினார்கள். அது பொய். அந்த நோயைத் தருகிற பூஞ்சைகள் மண்ணிலும் காற்றிலும் எங்கும் இருப்பவை. கட்டுப்படாத சர்க்கரை, அளவு மீறின ஸ்டீராய்டு, இரண்டும் சேர்ந்த உடம்பில்தான் அது புகுந்து விளையாடியது. ஆனால் சர்க்கரைக்காரியான அம்மாவின் தலைக்கு மேலேயே பூசணம் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கை நடுங்கிற்று. ஏ.சி.யில் பிடிக்கிறது வேறு வகைப் பூசணம்தான். அதுவும் இருமலையும் ஆஸ்துமாவையும் கிளப்பிவிடும். இரண்டு மாதமாக அம்மா ராத்திரியில் இருமியதற்கு நான் தோல்ஷாப்பைத்தான் காரணமாக நினைத்திருந்தேன்.

நானே சுத்தம் செய்துவிடலாம் என்று பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, கழிவறைக்கு வைத்திருந்த ஆசிட்டையும் எடுத்து வந்தேன். அம்மா கத்திவிட்டார். "ரெண்டையும் ஒண்ணா வைக்காத!" பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அறிவியல் படித்த நான் மறந்ததை அம்மா மறக்கவில்லை. தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழியின் சல்பைடு தண்ணீரும், ஆசிட் போட்ட தண்ணீரும் ஒரே சாக்கடையில் கலந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர் அவர். ஹைட்ரஜன் சல்பைடு. முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. தெரியாமல் போனபோதுதான் ஆள் விழுவான். தூக்கப் போனவனும் விழுவான். "நாத்தம் அடிக்கிற வரைக்கும் நல்லது மே, நின்னா ஓடணும்" என்று நைனா சொல்வாராம்.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அந்தக் கசடு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்காளத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். நாங்கள் நின்ற குழியில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள்.

மறுநாள் மெக்கானிக் தம்பி ஒருத்தன் வந்தான். பேர்ணாம்பட்டுப் பக்கம். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு முகப்பு மூடியைக் கழற்றினான். வடிகட்டிகளில் சாம்பல் நிறத் தூசு. அதற்குப் பின்னால் குளிர்ச்சிக் குழாய்களின் அலுமினியத் தகடுகள். அதற்கும் பின்னால் காற்றைத் தள்ளுகிற உருளை. டார்ச் அடித்துக் காட்டினான். உருளையின் ஒவ்வொரு இதழிலும் கருப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "சொன்னன் இல்ல" என்றார்.

அவன் விளக்கினான். காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த தகட்டில் பட்டுத் தண்ணீராகிறது, பானையின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல. அது சொட்டி அடித் தட்டில் விழுந்து, குழாய் வழியாக வெளியே போக வேண்டும். புழுக்கமான நாளில் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். போகாமல் நின்றால் ஈரம். தூசுதான் பூசணத்துக்குச் சாப்பாடு. உள்ளே வெளிச்சமும் கிடையாது. ஈரம், சாப்பாடு, இருட்டு. "வேற இன்னாக்கா வேணும் அதுக்கு? குடித்தனம் பண்ணும்" என்றான்.

அப்புறம் வெளியே போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வந்தான். "அக்கா, இந்த பைப்பை எவன் போட்டான்? சன்ஷேடு மேல ஏத்திப் போட்டுக்கீறான். தண்ணி மேடு ஏறுமா? நடுவுல நின்னு பாசி கட்டிக்கிது பாரு."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பதுகூடப் பொய். மறக்கவே இல்லை.

ஏ.சி. மாட்டிய அன்று குழாயை நேராகக் கீழே விடத்தான் பார்த்தார்கள். கீழே ஓனர் வீட்டு முற்றம், துளசி மாடம். அந்த அம்மா வெளியே வந்து சொன்னார். "டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்டுத் தண்ணி எங்க துளசி மேல சொட்டக்கூடாது." மாட்ட வந்த பையன், "வெறும் தண்ணிதாம்மா, காத்துல இருந்து வர்றது" என்றான். "இருக்கட்டும், பின்னாடி சந்துல விட்டுடுங்க" என்றார். பக்கவாட்டில் பதினைந்து அடி கொண்டுபோய், நடுவில் ஜன்னல் சன்ஷேடைத் தாண்டவைத்துப் பின்சந்தில் விட்டார்கள். "தண்ணி நிக்கும்க்கா" என்று அந்தப் பையன் அன்றைக்கே என்னிடம் சொன்னான். நான் "பரவால்ல தம்பி" என்றேன்.

அவர்கள் வீட்டு ஏ.சி. தண்ணீர் தெருவில், போகிறவர் வருகிறவர் தலைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் கேட்டதில்லை.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். எங்கள் தண்ணீர் அவர்கள் துளசிமேல் படக்கூடாது. அதனால் குழாய் மேடேறியது. மேடேறியதால் தண்ணீர் நின்றது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்ட அந்த மழைக்கு ஏ.சி.யை நிறுத்தி வைத்தோம். நின்ற தண்ணீரில் நான்கு மாதம் பூசணம் வளர்ந்தது. அந்தப் பூசணத்தின் நாற்றம் கீழே போனது. கீழே இருந்தவர் மேலே வந்து, இது உங்கள் சாதி நாற்றம் என்றார். நானும் என் அம்மாவின் பெட்டியைத் தூக்கி மொட்டை மாடியில் வைக்கப் போனேன்.

சேரியில் நாற்றம் என்பார்கள். ஊர்ச் சாக்கடையைச் சேரிப் பக்கம் திருப்பிவிட்டவன் யார் என்று கேட்கமாட்டார்கள். பாலாற்றங்கரையில் நடந்ததும் இதுதான். ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர். அது எங்கே போனது? 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ கெட்டுவிட்டது என்று அதில் இருக்கிறது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்றது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. அந்தத் தீர்ப்பில் எங்கள் மாவட்டத்தின் பெயர் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்புறம் பெயரை எடுத்துவிட்டார்கள். கழிவு அப்படியே இருந்தது. 2025 ஜனவரி 30 அன்று, கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈட்டுத்தொகை கொடுங்கள் என்று அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. செய்தியைப் படித்துக் காட்டினேன். "நெலம் வச்சிருந்தவங்களுக்குக் கெட்ட நெலத்துக்குக் குடுப்பாங்க. உங்க நைனா காலுக்கு எந்த ஆபீசு?" என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மெக்கானிக் தம்பி மூன்று மணி நேரம் வேலை செய்தான். பிளாஸ்டிக் உறை கட்டி, கைப் பம்பால் தண்ணீரைப் பீய்ச்சினான். மை மாதிரி ஊற்றிற்று. உருளையைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தான். அடித் தட்டின் கொழகொழப்பை எடுத்தான். தகட்டில் பிளீச்சிங் பட்டால் அலுமினியம் அரித்துவிடும் என்றான். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வடிகட்டியைக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டச் சொன்னான். நிறுத்துவதற்கு முன் அரை மணி நேரம் வெறும் காற்றாடியாக ஓடவிட்டால் உள்ளே ஈரம் காயும் என்றான். அம்மா தலையாட்டினார். "ஈரத்தோட அடுக்காதன்னு சொல்றான். தோலுக்கும் அதான்."

"பைப்பு?" என்றான். "அதை நேரா விடலன்னா மறுபடியும் வரும்க்கா."

அன்று சாயந்திரம் நான் கீழே இறங்கிப் போனேன். நிலைப்படிக்கு வெளியே நின்றேன். என் வீட்டு வாசலில் அவர் நின்ற அதே மாதிரி. நாற்றம் எங்கிருந்து வந்தது, எதனால் வந்தது என்று வரிசையாகச் சொன்னேன். குழாயை நேராகக் கீழே இறக்கி ஒரு வாளியில் விட்டுக்கொள்கிறேன், துளசிமேல் படாது என்றேன். பிறகு கேட்காத ஒன்றையும் சொன்னேன். "எங்க அப்பா சூப்பர்வைசர் இல்லீங்க. சுண்ணாம்புக் குழியில வேலை செஞ்சாரு. அம்மாவும் தோல்ஷாப்புதான்."

"அதெல்லாம் நாங்க பாக்கறதில்ல டீச்சர்" என்றார். அடுத்த வாரம் ஓனர் அய்யா போன் செய்தார். மகன் பெங்களூரில் இருந்து வருகிறானாம், மாடி வேண்டுமாம், இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம். நாங்கள் வந்த பிறகு இரண்டு மாதம் அல்ல, ஒரு வருடம் அந்த மாடி பூட்டியே கிடந்தது என்று பால்காரர் சொன்னார்.

இதை வெற்றி என்று எழுத மாட்டேன். மே மாத வெயிலில் அறுபத்தெட்டு வயது அம்மாவை வைத்துக்கொண்டு மறுபடி ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். இந்த முறை முதல் கேள்விக்கே முழுப் பதிலையும் சொன்னேன். ஏழு இடத்தில் "யோசிச்சு சொல்றோம்" என்றார்கள். யாரும் யோசித்து முடிக்கவில்லை.

இப்போது இருப்பது நம் ஆள் ஒருவர் கட்டிய வீடு. ஏ.சி. மாட்டிய அன்று அம்மா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அடித் தட்டில் ஊற்றச் சொன்னார். ஊற்றினார்கள். அவர் வெளியே போய்க் குழாயின் கீழ் முனையில் கையை ஏந்திக்கொண்டு நின்றார். தண்ணீர் வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. மோந்து பார்த்தார்.

"வருது மே" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் செருப்பை எடுத்து ஒரு மணி நேரம் நிழலில் காயவைத்து, துடைத்து வைக்கிறோம். அந்த வேலையை இப்போது நான்தான் செய்கிறேன்.